மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வரும் வலி: செவிலியர் கையில் இருப்பது எவ்வளவு?

புதுவார்டு:

பொது மருத்துவ வார்டில் இருந்து எலும்பு மூட்டு வார்டுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். இங்கே படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்கள். மற்ற வேலைகள் பழகிவிட்டன. வலி விஷயத்தில் மட்டும் தெளிவு வரவில்லை.

காலையில் பி.பி., டெம்பரேச்சர் பார்க்கும்போதே "வலி எவ்வளவு? 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். "மூணுதான் சிஸ்டர்" என்கிறார்கள். சார்ட்டில் 3 ஏறுகிறது. கொஞ்ச நேரம் கழித்து பிசியோ வந்து காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கச் சொன்னால், அதே மனிதர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார். பயிற்சி பாதியில் நின்றுபோகிறது. மருந்துச் சீட்டைப் பார்த்தால் வலி ஊசிக்கு எதிரே "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. தேவையை யார் தீர்மானிப்பது? அவராகக் கேட்க வேண்டுமா, நானாகப் பார்த்துக் கொடுக்க வேண்டுமா? ராத்திரி அசந்து தூங்குகிறவரை எழுப்பி மாத்திரை கொடுப்பது சரியா? இந்த வார்டில் நாள்பட இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

முதலில் அந்த 3-ஐப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை. அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும்போது அவருக்கு 3தான். ஆனால் மூட்டு மாற்றியது படுத்திருப்பதற்காக இல்லையே. அதனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சும்மா இருக்கும்போது எவ்வளவு, காலை மடக்கும்போது எவ்வளவு. இரண்டாவதைக் கேட்பதற்கு முன்னால் குதிகாலைப் படுக்கையிலேயே தேய்த்தபடி முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள். பாதியில் மூச்சைப் பிடிக்கிறாரா, தொடையைக் கையால் தூக்குகிறாரா என்று பாருங்கள். சார்ட்டில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். "3 / 8" என்று இருந்தால் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒரு நொடி நின்றுதான் ஆக வேண்டும்.

எண்ணை விட எனக்கு முக்கியம், அந்த வலியோடு அவரால் என்ன செய்ய முடிகிறது என்பது. கட்டில் ஓரத்தில் உட்கார முடிகிறதா, ஆழமாக மூச்சிழுத்து இரும முடிகிறதா, ராத்திரி தொடர்ந்து சில மணி நேரமாவது தூங்கினாரா? இவை நடந்தால் 5 என்று சொன்னாலும் நான் பதற மாட்டேன். இவை நடக்காவிட்டால் 3 என்று சொன்னாலும் விட மாட்டேன்.

"தேவைப்பட்டால்" பற்றி. மூட்டு மாற்றினால் முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வரப்போவது தெரிந்திருந்தும் வந்தபின் கொடுப்போம் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? அடிப்படை மருந்துகள், அதாவது பாராசிட்டமாலும், சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மாத்திரையும், மணிக் கணக்கில் போக வேண்டும். அதற்கு மேல் துளைத்துக்கொண்டு வரும் வலிக்கு மட்டுமே "தேவைப்பட்டால்". உங்கள் வார்டில் எல்லாமே "தேவைப்பட்டால்" என்று எழுதப்படுகிறது என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுத வையுங்கள். அப்படிக் கேட்பதும் நம் வேலைதான்.

அப்புறம் நேரம். வாயால் கொடுக்கும் மருந்து வேலை செய்ய முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஆகும். பிசியோ பத்து மணிக்கு வருகிறார் என்றால் ஒன்பது மணிக்கே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அவர் வந்து நின்ற பிறகு மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போவதில் பயனில்லை.

நடைபழக்கி:

நான் பிசியோதெரபிஸ்ட். இரவுப்பணி சொன்ன ஒன்பது மணி மாத்திரை ஒன்றே என் வேலையில் பாதியைச் சுலபமாக்கிவிடும். முழங்கால் மாற்றியவரை அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைக்கிறோம். முதல்தடவை கால் ஊன்றும்போது உயிர் போகிற வலி வந்தால் அடுத்த தடவை என்னைப் பார்த்ததுமே தொடைத் தசை விறைத்துவிடும். அந்தப் பயத்தைக் கரைப்பது வலியைக் கரைப்பதை விடக் கடினம்.

செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், வைக்க விடாதீர்கள். இதமாகத்தான் இருக்கும், அதனால்தான் எல்லாரும் கேட்பார்கள். ஆனால் மடங்கியபடியே நாள் கணக்கில் கிடந்தால் மூட்டு முழுசாக நீளாமல் போய்விடும், பிறகு நடையே சாய்ந்துவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முழங்கால் தானாக நிமிரும். "அந்தத் தலையணையை எடுத்துவிட்டால் வலிக்கிறது" என்பவருக்கு ஐஸ் பேக் கொடுங்கள்: துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். நரம்பு பிளாக் (நரம்புக்குப் பக்கத்தில் போடும் மரப்பு ஊசி) போட்டு மரத்திருக்கிற காலில் ஐஸ் வைத்தால் அடிக்கடி தோலைப் பாருங்கள். சுடுகிற மாதிரி குளிர்ந்தாலும் அவருக்குத் தெரியாது.

வெண்சங்கு:

நானும் செவிலியர்தான். இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். வலியை எண்ணாகக் கேட்டு அந்த எண்ணைத் துரத்தி மருந்து கொடுத்ததன் விளைவை உலகம் பார்த்துவிட்டது. 1990-களில் அமெரிக்காவில் வலியை "ஐந்தாவது உயிர்க்குறி" என்று அறிவித்து, நாடித்துடிப்பு பார்ப்பது போல ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொன்னார்கள். எண் அதிகமானால் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து, என்று ஆனது. அந்த மருந்துகளுக்கு எத்தனையோ பேர் அடிமையானார்கள். கடைசியில் 2016-ல் அந்நாட்டு மருத்துவச் சங்கமே அந்த ஐந்தாவது குறியைக் கைவிடச் சொன்னது.

எலும்பை அறுத்து உலோகம் பொருத்தியிருக்கிறோம். கொஞ்சமும் வலிக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பை நாமே வளர்க்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வயதானவர்களுக்கு மார்ஃபின் ஏற ஏற வாந்தி, மலச்சிக்கல், தலைசுற்றல், விழுதல் எல்லாம் கூடவே வருகின்றன. இடுப்பு மாற்றியவர் கழிவறையில் விழுந்தால் அந்த அறுவையே வீண்.

மயக்கவியல்:

மயக்கவியல் மருத்துவராக எழுதுகிறேன். வெண்சங்கு சொன்ன வரலாறு உண்மை. ஆனால் அதைக் காட்டி வலியைக் கேட்பதையே நிறுத்திவிடக் கூடாது. எண் உயர்ந்தால் ஓபியாய்டுதான் என்ற ஒரே வழிப் பழக்கம்தான் அங்கே தவறாகப் போனது. இன்று நாங்கள் செய்வது வேறு. பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மருந்து, நரம்பு பிளாக், மூட்டைச் சுற்றி அறுவை மருத்துவரே போடும் மரப்பு மருந்து, ஐஸ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வலியை மறிக்கின்றன. ஓபியாய்டு மிச்சத்துக்கு மட்டும், மிகக் குறைந்த அளவில். அடிப்படை மருந்துகளை நேரத்துக்குக் கொடுக்காத வார்டில்தான் மார்ஃபின் அதிகம் செலவாகும். அந்த வகையில் இரவுப்பணியும் வெண்சங்கும் ஒரே பக்கம்தான்.

விழுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடையின் முன்பக்க நரம்பில் போடும் பழைய பிளாக் வலியை நன்றாக அடக்கும். கூடவே முன்தொடைத் தசையையும் தளர்த்திவிடும். எழுந்து நின்றால் முழங்கால் மடங்கும். இப்போது பெரும்பாலும் இன்னும் கீழே, உள்தொடைக் கால்வாயில் போடுகிறோம். அதில் தசை பலம் பெருமளவு மிஞ்சும். ஆனாலும் பிளாக் போட்டவரை எழுப்பும் முன் "காலை நேராகத் தூக்கிப் பிடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

செவிலியர்களிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பது பிளாக் விடும் நேரத்தைக் கவனிப்பதைத்தான். ஒரு தடவை போட்ட பிளாக் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் நிற்கும். பகலில் அறுவை முடிந்தவருக்கு அது பெரும்பாலும் நடுராத்திரிக்கும் விடியற்காலைக்கும் நடுவில் விடும். அதுவரை 1 என்று சொன்னவர் திடீரென்று 9 என்பார். எல்லாம் கெட்டுப்போனது என்று அவர் நினைப்பார், உறவினரும் அப்படியே நினைப்பார்கள். மரப்பு இருக்கிறதே, இவருக்கு வலியே இல்லையே என்று மாலை மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் இதை மோசமாக்குகிறது. மரப்பு இருக்கும்போதே மாத்திரைகள் ரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். புதுவார்டு கேட்ட "தூங்குகிறவரை எழுப்பலாமா" என்பதற்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது: முதல் ராத்திரி, பிளாக் விடும் நேரம் என்றால், நேரம் தவறாத பாராசிட்டமாலுக்காக எழுப்பலாம். ஓபியாய்டுக்காக எழுப்பக் கூடாது. தூக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் தூங்க வைக்கும் மருந்து வேண்டாம்.

மூத்தமகள்:

நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சமீபத்தில் வலது முழங்கால் மாற்றினார்கள். இந்த இழையைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று தோன்றியது.

முதல் நாள் ராத்திரி அம்மா வலி வலி என்று முனகினார். சிஸ்டர் வந்து பார்த்தார், அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார், மணியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு "இப்போது இந்த ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். எங்களுக்குக் கோபம் வந்தது. வலியில் துடிக்கிறவருக்கு ஊசி இல்லையா? இன்னொன்று, அம்மா கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள், அழுத்தினால் மருந்து இறங்கும் என்று. அம்மா கண்ணயர்ந்தபோது தம்பி அழுத்தப் போனான். சிஸ்டர் ஓடி வந்து தடுத்தார். வலி தெரியாமல் தூங்கட்டுமே என்றுதானே செய்தான்?

இரவுப்பணி:

மூத்தமகள், அந்த சிஸ்டர் சரியான வேலை செய்திருக்கிறார். விவரமாகச் சொல்கிறேன், புதுவார்டுக்கும் பயன்படும்.

வலியும் மயக்கமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். முனகுகிறார் என்பதாலேயே மருந்துக்கு இடம் இருக்கிறது என்று ஆகாது. ஓபியாய்டு அளவு மீறும்போது முதலில் தெரிவது தூக்கக் கலக்கம்தான். மூச்சு குறைவது பெரும்பாலும் அதற்கு அப்புறம். அதனால் ஊசி எடுக்கும் முன் பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம். கூப்பிட்டதும் கண் திறந்து ஒழுங்காகப் பதில் சொன்னால் சரி. "எனக்கு... கால்ல..." என்று தொடங்கி வாக்கியத்தின் நடுவிலேயே கண் சொருகிவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். கிறிஸ் பசேரோ என்ற செவிலியர் வகுத்த அளவுகோலில் இந்த நிலைக்கு 3 என்று எண். அந்த 3 வந்துவிட்டால் மேற்கொண்டு ஓபியாய்டு கிடையாது, கண்காணிப்பு அதிகமாக்க வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அடுத்த டோஸைக் குறைக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் அவர் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

மணியைப் பார்த்து நின்றாரே, அது மூச்சு எண்ணுவதற்கு. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது, ஏனென்றால் இடைவெளி விட்டு வரும் மூச்சு அந்தப் பதினைந்து நொடியில் தப்பிவிடும். தொட்டு எழுப்பும் முன்னாலேயே எண்ணிவிட வேண்டும், எழுப்பினால் மூச்சு கூடிவிடும். கரகரவென்ற பலத்த குறட்டையை நல்ல தூக்கம் என்று நினைக்காதீர்கள். மூச்சுப்பாதை அடைபடுவதால் வரும் சத்தமாக இருக்கலாம். விரலில் மாட்டும் கருவியில் 98 என்று காட்டுகிறதே என்றும் இருந்துவிடக் கூடாது. ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு மந்தமான பிறகும் அந்த எண் வெகுநேரம் நன்றாகவே இருக்கும்.

பட்டன் விஷயம்: அந்தக் கருவியின் பாதுகாப்பே நோயாளி மட்டும் அழுத்துவதில்தான் இருக்கிறது. மயக்கம் வந்தால் கை தானாக ஓய்ந்துவிடும், மருந்தும் நின்றுவிடும். வேறொருவர் அழுத்தினால் அந்தத் தடுப்பு போய்விட்டது. உங்கள் தம்பியின் பாசம் புரிகிறது. இதை அறுவைக்கு முன்னாலேயே குடும்பத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும், அந்தப் பொறுப்பு எங்களுடையது.

மயக்கவியல்:

மேலே சொன்னதோடு இன்னும் ஒன்று. அறுவைக்கு மரக்கவைக்கப் போடும் முதுகுத்தண்டு ஊசியில் (ஸ்பைனல்) மார்ஃபினும் சேர்த்திருந்தால், மூச்சு மந்தமாவது பல மணி நேரம் தாமதமாகவும் வரலாம். அதனால் 24 மணி நேரத்துக்கு மூச்சும் மயக்க நிலையும் தொடர்ந்து பார்க்கப்பட வேண்டும். ஷிப்ட் மாறும்போது "ஸ்பைனலில் மார்ஃபின் உண்டு" என்பதை வாயால் சொல்லி ஒப்படையுங்கள், தாளில் இருந்தால் மட்டும் போதாது. ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் கொடுத்து விழித்துவிட்டார் என்றும் விலகிப் போய்விடாதீர்கள். அதன் வேலை அரை மணியில் இருந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். மார்ஃபின் அதற்கு மேலும் இருக்கும், திரும்ப அமுங்குவார்.

சார்ட்டும்பேனாவும்:

எண் சொல்லவே முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இடுப்பு மூட்டு வார்டில் மறதி நோய் உள்ளவர்கள் குறைவில்லை. "வலிக்கிறதா" என்றால் "இல்லை" என்பார், கால் பக்கம் கை போனால் உதறித் தள்ளுவார். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2003-ல் வெளியான ஓர் அளவுகோல் உண்டு, பெயின்ஆட் என்பார்கள். மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். அதையும் படுத்திருக்கும்போது பார்த்தால் பாதிதான் தெரியும். புரட்டிப் படுக்க வைக்கும்போது, உடை மாற்றும்போது பாருங்கள்.

கூட இருக்கும் மகனையோ மனைவியையோ கேளுங்கள்: "வீட்டில் இவருக்கு வலித்தால் எப்படி இருப்பார்?" சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், சிலர் எல்லாரையும் திட்டுவார்கள். அது தெரிந்தால் எந்த அளவுகோலையும் விட நமக்கு உதவும்.

அறுவைக்குப் பின் ராத்திரியில் குழம்பிப் பேசி, டிரிப்பைப் பிடுங்கும் முதியவருக்கு உடனே தூக்க மருந்து கேட்காதீர்கள். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பைனலுக்கும் மார்ஃபினுக்கும் பிறகு சிறுநீர் கட்டிக்கொள்வது சாதாரணம். சிறுநீர்ப்பை நிரம்பி வலிப்பதைச் சொல்லத் தெரியாமல்தான் பலர் துள்ளுகிறார்கள். அடக்காத வலியும் குழப்பத்தைக் கொண்டுவரும், அதிக ஓபியாய்டும் கொண்டுவரும். கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினாலே அடங்குபவர்கள் உண்டு.

இடதுமுழங்கால்:

நான் நோயாளி பக்கம். எனக்கு அந்தப் பிளாக் விடும் ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. மாலையிலேயே சிஸ்டர் வந்து, "இப்போது கால் உங்களுடையது மாதிரியே இருக்காது. நடுராத்திரிக்கு மேல் உணர்ச்சி திரும்பும். முதலில் குறுகுறு என்று இருக்கும். அப்போதே பெல் அடியுங்கள், வலி முற்றும் வரை பொறுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். குறுகுறுத்தது, அடித்தேன். வலி வந்தது, ஆனால் பயம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் பெல்லைத் தொடவே இல்லை. "அவங்களுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கு, நான் வேற ஏன் தொந்தரவு பண்ணணும்" என்றார். இப்படி வாய் திறக்காத ஆட்கள் நிறைய இருக்கிறோம். எங்களைக் கேட்டால்தான் சொல்வோம். "வலிக்கிறதா" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வோம். "திரும்பிப் படுக்கும்போது எப்படி இருக்கிறது" என்று கேட்டால் உண்மை வரும்.

புதுவார்டு:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இன்னொரு பயம் இருக்கிறது. வலி என்றாலே மருந்து கொடுத்து அடக்கிக்கொண்டே போனால், வேறு ஏதாவது கோளாறால் வரும் வலியையும் மூடிவிட மாட்டோமா? எந்த வலியைப் பார்த்து டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்?

இரவுப்பணி:

மருந்துக்கு அடங்க வேண்டிய வலி அடங்கவில்லை, அல்லது அடங்கியிருந்தது திடீரென்று வேறு மாதிரி வருகிறது என்றால் முதலில் போர்வையை விலக்கிக் காலைப் பாருங்கள். டோஸைக் கூட்டுவது அப்புறம்.

இடுப்பு மாற்றியவர் திரும்பும்போது கவட்டையில் சுரீரென்று வந்து, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பியிருந்தால் மூட்டு நழுவியிருக்கிறது. அசைக்காமல் உடனே கூப்பிடுங்கள். கெண்டைக்கால் இறுகி, பாதத்தை லேசாக மேலே வளைத்தாலே கத்துகிறார், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, விரல் மரக்கிறது என்றால் தசைக்குள் அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். நேரம் போனால் தசை செத்துவிடும், அதனால் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே டாக்டருக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதோடு மூச்சு வாங்கலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால், பிளாக் விட வேண்டிய நேரம் கடந்தும் மரப்பு போகாமல் இருந்தால், அதையும் சொல்லுங்கள்.

மயக்கவியல்:

முதுகில் எபிடியூரல் குழாய் (தண்டுவடத்துக்கு வெளியே வலி மருந்து விடும் மெல்லிய குழாய்) இருப்பவருக்கு இன்னொன்று. விட்டுப்போன கால் பலவீனம் திரும்ப வருகிறது, முதுகு வலிக்கிறது, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால் தண்டுவடத்தை ரத்தக்கட்டு அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போகிறவர்களிடம் இந்த அபாயம் கூடுதல். அந்த ஊசியின் நேரத்துக்கும் குழாயை எடுக்கும் நேரத்துக்கும் இடைவெளி வேண்டும், எங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நரம்பு பிளாக் போட்ட சற்று நேரத்தில் காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, உதடு மரத்தல் என்று சொன்னால் மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகம் ஏறியிருக்கிறது. வலிப்பும் இதய நிறுத்தமும் பின்னால் வரலாம். உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள், இதற்குக் கொடுக்கும் கொழுப்புக் கரைசல் எங்கே இருக்கிறது என்பது வார்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வெண்சங்கு:

சரி, ஓபியாய்டைக் குறைக்க இதுதான் வழி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையைச் சொல்லுங்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரே செவிலியர், கட்டில்கள் நிறைய. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து மடக்கச் சொல்லி, மூச்சு எண்ணி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து மருந்து வேலை செய்ததா என்று கேட்டு, எல்லாம் எழுதி முடிக்க எங்கே நேரம்? படிக்க அழகாக இருக்கிறது, செய்பவருக்குக் கை எட்டாது.

வயதானவர்களுக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதையும் யாராவது கண்டியுங்கள். சிறுநீர் குறைந்திருப்பதைப் பார்க்காமலே அடுத்த டோஸ் போகிறது.

சார்ட்டும்பேனாவும்:

மாத்திரை விஷயத்தில் முழு உடன்பாடு. சிறுநீர் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும் பார்க்காமல் அது போகக் கூடாது. வயிற்றுப்புண், இதயக் கோளாறு இருந்தாலும் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு மார்ஃபினும் உடலில் தேங்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஆள் பற்றாக்குறையை நாம் திறமையால் ஈடுகட்டிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது நிர்வாகம் தீர்க்க வேண்டியது, எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது. ஆனால் இருக்கிற நேரத்தை எங்கே வைப்பது என்று நாம் முடிவு செய்யலாம். நான் மூன்று பேரிடம் முதலில் போவேன்: அன்று அறுவை முடிந்தவர், ஓபியாய்டு போகிற முதியவர், குறட்டை விடுகிற பருத்த உடல்காரர். மூச்சு எண்ணுவது இவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களிடம் அசைவு வலியைக் கேட்கத் தனி நேரம் வேண்டாம். கட்டிலில் இருந்து எழுப்பும்போதும் படுக்கை விரிப்பு மாற்றும்போதும் பார்த்தால் போதும். மருந்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பதற்கும் அடுத்த டிரிப் மாற்றப் போகும் சுற்றையே பயன்படுத்துங்கள்.

மூத்தமகள்:

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் நன்றாக நடக்கிறார், ராத்திரி மட்டும் வலியில் விழித்துக்கொள்கிறார். கொடுத்த மாத்திரைகளை எவ்வளவு நாள் தொடர்வது என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. மலம் போகவும் கஷ்டப்படுகிறார்.

இரவுப்பணி:

இது டிஸ்சார்ஜ் நாளில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியது. முழங்கால் மாற்றியவர்களுக்கு ராத்திரி வலி பல வாரம் வரை இருக்கும், வீக்கம் மாதக் கணக்கில் மெல்லத்தான் வடியும். பகல் முழுக்க நடந்து காலைத் தொங்கவிட்டிருந்தால் ராத்திரி அதிகமாகத் தெரியும். மதியம் ஒரு மணி நேரம் படுத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கட்டும். உறங்கப் போகும் முன் ஐஸ் வைத்து, அந்த நேரத்து மாத்திரையை அப்போது கொடுங்கள்.

மாத்திரையில் முதலில் குறைக்க வேண்டியது ஓபியாய்டு வகை. டிரமடால் அந்த வகைதான். எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பாராசிட்டமாலைக் கடைசியில் நிறுத்தலாம். ஆனால் வீட்டில் இருக்கிற சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும், டிரமடால் கலவை மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு, எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அம்மாவுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் ஓபியாய்டோடு வருவது. அதற்கான மருந்தை முதல் நாளில் இருந்தே கூடக் கொடுத்திருக்க வேண்டும், இப்போதாவது கேட்டு வாங்குங்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் டிரமடால் அதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காயம் சிவந்து சீழ் கசிந்தால், காய்ச்சல் வந்தால், குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினால் காத்திருக்காதீர்கள். மூன்று மாதம் கழித்தும் வலி அப்படியே நின்றால் அது நீடித்த வலி, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். "அறுவை செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

புதுவார்டு:

எங்கள் வார்டில் வலிக்கு இரண்டு கட்டம் போட்ட தாளைச் சார்ட்டோடு இணைக்க ஆரம்பித்திருக்கிறோம். டாக்டரும் பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மாற்றி எழுதித் தருகிறார். ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது: பிசியோ வரும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஒன்பது மணி மாத்திரை கொடுத்தால் அவர் பன்னிரண்டுக்கு வருகிறார்.

நடைபழக்கி:

காலையில் வந்ததும் யாரை எத்தனை மணிக்குப் பார்க்கப் போகிறேன் என்று வார்டு போர்டில் எழுதிவிடுவது என் வழக்கம். அதற்கு முன் பார்க்கும் வார்டில் வேலை இழுத்துத் தாமதமானால் போன் செய்துவிடுவேன். உங்கள் பிசியோவிடமும் இதைக் கேளுங்கள், மறுக்க மாட்டார். வலி அடங்கிய ஆளோடு பாதி நேரத்தில் வேலை முடியும், அது அவருக்கும் தெரியும். முதலில் மாத்திரை போட்டவர்களை முதலில் பார்க்கும்படி வரிசையை இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.